ஆர்லீனுக்கு வந்து சேராத மருந்து

ரிச்சர்ட் ஃபைன்மேன் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? சிவப்பு அட்டை போட்ட இயற்பியல் புத்தகம், பாங்கோ டிரம், நோபல் பரிசு, ராணுவ லாக்கரைத் திறந்து காட்டிய கதை. நானோடெக்னாலஜி எலெக்டிவ் எடுத்தவங்களா இருந்தா முதல் யூனிட்டின் முதல் ஸ்லைடிலேயே அவரைப் பார்த்திருப்பீங்க. 1959, ஒரு பேச்சு, பக்கத்தில் அவர் போட்டோ. ரெண்டு மார்க் கேள்விக்கு அது போதும். அதோட நாம அவரை விட்டுடறோம்.

நுரையீரல் தொற்றுக்கு நானோ துகளை மூச்சு வழியாக அனுப்பும் சிகிச்சையைப் பற்றி எழுதலாம் என்றுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க இந்த மனுஷனோட வாழ்க்கையில் போய் மாட்டிக்கொண்டேன். நானோவின் தாத்தா என்று நாம் சொல்கிற ஆளின் முதல் மனைவி காசநோயில்தான் இறந்தார். அதனால இந்தத் தடவை டெக்னாலஜி கொஞ்சம் பின்னால் வரும், பொறுத்துக்கங்க.

ஃபைன்மேன் பிறந்தது 1918 மே 11, நியூயார்க்கில். கடலோரமான ஃபார் ராக்கவே பகுதியில் வளர்ந்தார். அப்பா மெல்வில் யூனிஃபார்ம் விற்கும் தொழிலில் இருந்தவர். பையன் பள்ளி வயதிலேயே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் ரேடியோ ரிப்பேர் செய்தான். அது பொருளாதாரம் படுத்திருந்த காலம், கடைக்காரரை விடச் சின்னப் பையன் மலிவு. ரேடியோவைக் கழற்றாமல் முன்னாலும் பின்னாலும் நடந்து யோசித்தே கோளாறைக் கண்டுபிடிப்பான் என்று பெயர் வாங்கினான். நம்ம லேபில் மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன்னால் யோசிக்கிறவங்க எத்தனை பேர், நீங்களே எண்ணிப் பாருங்க.

அதே வட்டாரத்தில் இருந்த பெண் ஆர்லீன் கிரீன்பாம். ஓவியம் வரைவார், பியானோ வாசிப்பார், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை கொஞ்சமும் இல்லாதவர். ஃபைன்மேனுக்கு அந்தக் கவலை இருந்தது. பின்னாளில் உலகமே ரசித்த அவருடைய அலட்சியம் ஆர்லீனிடம் கற்றுக்கொண்டது என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். இவர் 1935இல் எம்.ஐ.டி.க்குப் போனார், 1939இல் பிரின்ஸ்டன். ஜான் வீலரிடம் ஆராய்ச்சி. அந்தச் சமயத்தில்தான் ஆர்லீனின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது, கூடவே வந்துபோகிற காய்ச்சல்.

டாக்டர்கள் முதலில் டைபாய்டு என்றார்கள். அது இல்லை என்று தெரிந்ததும் ஹாட்ஜ்கின்ஸ் நோயாக இருக்கும், சில வருஷம்தான் என்றார்கள். ஃபைன்மேன் சும்மா இருக்கிற ஆளா? பிரின்ஸ்டன் நூலகத்தில் மருத்துவப் புத்தகங்களை எடுத்துப் படித்தார். கழுத்தில் நெறி கட்டுவதற்கான காரணங்களில் முதலாவதாகவே நிணநீர்ச் சுரப்பிக் காசநோய் இருந்தது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றும் போட்டிருந்தது. அவ்வளவு சுலபம் என்றால் டாக்டர்கள் ஏற்கனவே பார்த்து விலக்கியிருப்பார்கள் என்று நினைத்து அதைத் தாண்டிப் போய்விட்டார். கடைசியில் சதையைக் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்தபோது இருந்தது அதுவேதான்! சுலபமான காரணத்தை முதலில் சோதிக்காமல் விட்டதற்காக அவர் தன்மேல் கோபப்பட்டது வாழ்நாள் முழுக்கத் தீரவில்லை.

அதற்கு முன்னால் இன்னொரு கொடுமை நடந்தது. ஹாட்ஜ்கின்ஸ் என்று நினைத்திருந்த நாட்களில், அவளிடம் உண்மையைச் சொல்லக் கூடாது, சாதாரண சுரப்பிக் காய்ச்சல் என்று சொல் என்று இரு வீட்டாரும் சேர்ந்து இவரை நெருக்கினார்கள். பொய் சொல்வதில்லை என்ற ஒப்பந்தம் என்ன ஆவது? முதலில் மறுத்தார், பிறகு அழுத்தம் தாங்காமல் சொல்லிவிட்டார். கூடவே ஆர்லீனுக்குப் பிரியாவிடைக் காதல் கடிதம் ஒன்று எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார், உண்மை தெரியவரும் நாளில் கொடுக்க. அம்மா அழுவதைக் கேட்டு ஆர்லீனே சந்தேகப்பட்டு நேராகக் கேட்டபோது கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

நோய் காசநோய் என்று உறுதியானதும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். கல்யாணம் செய்தால் பிரின்ஸ்டன் உதவித்தொகை போய்விடும் என்பதால் முனைவர் பட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவருடைய அம்மா பலமாக எதிர்த்தார். காசநோய் என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் பயம், எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை. 1942 ஜூன் 29. ஒரு வண்டியைக் கடன் வாங்கி, பின்னால் மெத்தை போட்டு ஆர்லீனைப் படுக்கவைத்து, படகில் ஏற்றி ஸ்டேட்டன் தீவுக்குப் போனார்கள். அங்கே அரசு அலுவலகத்தில் பதிவுத் திருமணம். சாட்சிக்கு அந்த அலுவலகத்திலேயே வேலை பார்த்த முன்பின் தெரியாத ரெண்டு பேர். தொற்று பயத்தால் மணமகன் மணமகளின் கன்னத்தில் மட்டும் முத்தமிட்டார். அங்கிருந்து நேராக நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஹனிமூன் எல்லாம் கிடையாது.

1943 வசந்தத்தில் அணுகுண்டு வேலைக்காக நியூமெக்சிகோவின் லாஸ் அலமோஸுக்குக் கூப்பிட்டார்கள். ஆர்லீனுக்கு அங்கே பக்கத்தில் ஒரு சானடோரியத்தில் இடம் பார்த்துக் கொடுத்தது ஓப்பன்ஹைமரே. பக்கம் என்றால் சுமார் 160 கிலோமீட்டர், ஆல்புகெர்க்கி நகரில். சானடோரியம் என்றால் என்ன என்று இப்போ நம்மில் பலருக்குத் தெரியாது. தாம்பரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பெயராகத்தான் கேட்டிருப்போம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்று நோயாளியை ஊருக்கு வெளியே வருஷக்கணக்கில் படுக்கவைத்த இடம். குணமானவர்களும் உண்டு, இல்லாதவர்கள்தான் அதிகம் கண்ணில் பட்டார்கள்.

வார நாட்களில் ஃபைன்மேன் ஐபிஎம் கணக்கு எந்திரங்களோடு மல்லுக்கட்டினார். அவருடைய குழு பஞ்ச் கார்டுகளைப் பல நிறங்களில் போட்டு, ஒரே சமயத்தில் பல கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எந்திரங்களில் ஓடவிட்டது. கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்களே, நீங்க பைப்லைனிங்னு படிக்கிறது கிட்டத்தட்ட இதுதான். வார இறுதியில் லிஃப்ட் கேட்டுக் கேட்டு ஆல்புகெர்க்கி போவார். ஆர்லீன் தபாலில் ஒரு குட்டி அடுப்பு வாங்கி வைத்திருந்தார். நெடுஞ்சாலையை ஒட்டிய புல்வெளியில், போகிற வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் பார்க்க, கணவர் அதில் இறைச்சி சுட வேண்டும். அவர் கூச்சப்பட்டார், ஆர்லீன் விடவில்லை. கடிதங்களில் சங்கேத மொழி எழுதி, ஒருமுறை கடிதத்தையே புதிர்த் துண்டுகளாக வெட்டி அனுப்பி, ராணுவத் தணிக்கைக்காரர்களைப் பைத்தியமாக அடித்ததும் இந்த ஜோடிதான். படுக்கையில் கிடக்கிற நோயாளி செய்கிற வேலையா இது!

இங்கே ஒரு நிமிஷம் ஃபைன்மேனை விட்டு நியூஜெர்சிக்கு வாங்க, ஆர்லீன் சில மாதங்களுக்கு முன்னால் கிளம்பி வந்த அதே மாநிலத்துக்கு. 1943 அக்டோபரில், அங்கே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் ஆன்டிபயாட்டிக். 1944 நவம்பரில் மினசோட்டாவில் ஓர் இளம் பெண்ணுக்கு அதைச் சோதனையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர் பிழைத்தார், கல்யாணம் செய்தார், மூன்று குழந்தைகள் பெற்றார். ஆனால் அப்போது உலகத்தில் இருந்த மொத்த மருந்தே கொஞ்சம்தான். நாடு முழுக்க சானடோரியங்களில் கிடந்தவர்களுக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் பிடித்தது.

1945 ஜூன் 16. ஆர்லீன் நிலைமை மோசம் என்று அவருடைய அப்பாவிடமிருந்து போன். ஃபைன்மேன் சக விஞ்ஞானி கிளாஸ் ஃபுக்ஸின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்னாளில் சோவியத் உளவாளி என்று பிடிபட்ட அதே ஃபுக்ஸ்தான். வழியில் டயர் பஞ்சர், மாற்றினால் மறுபடி பஞ்சர். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார். சில மணி நேரத்தில் ஆர்லீன் இறந்தார். அவருக்கு 25 வயது, இவருக்கு 27. படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரம் இறந்த நேரத்தில், 9:21க்கு, நின்றுபோயிருந்தது. நாமாக இருந்தால் அதை வைத்து என்னென்னவோ கதை கட்டியிருப்போம். அவர் யோசித்தார். அது பழைய கடிகாரம், பல தடவை தானே ரிப்பேர் செய்தது, லேசாக அசைத்தாலே நிற்கும். சான்றிதழில் நேரம் குறிக்க நர்ஸ் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். விளக்கம் முடிந்தது. அன்று அவர் அழவும் இல்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 16இல், பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்ததை ஒரு டிரக்கின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அதற்கும் பிறகு ஒரு நாள், ஓக் ரிட்ஜ் ஊரில் ஒரு கடை ஜன்னலில் தொங்கிய உடையைப் பார்த்து, ஆர்லீனுக்கு இது பிடிக்குமே என்று நினைத்தபோதுதான் உடைந்துபோய் அழுதார்.

1946 அக்டோபரில், இறந்து பதினாறு மாதம் ஆன மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். தபாலில் போட முடியாத கடிதம். அது இருப்பது அவர் இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. பலமுறை எடுத்துப் படித்ததில் தாள் நைந்துபோயிருந்தது. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கார்னெலில் கொஞ்ச காலம் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தார். கேன்டீனில் யாரோ தூக்கி எறிந்த தட்டு ஆடுவதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் விளையாட்டு மனசு திரும்பி வந்தது. 1950 முதல் கால்டெக், 1965இல் குவாண்டம் எலெக்ட்ரோடைனமிக்ஸுக்காக ஷ்விங்கர், டோமொனாகாவோடு நோபல். மறுபடி இரண்டு கல்யாணம், ரெண்டு பிள்ளைகள். இன்னொன்றையும் சொல்லிவிடணும். அவர் புத்தகத்தில் பெண்களைப் பற்றி வருகிற சில பக்கங்களை இன்று படித்தால் எரிச்சல்தான் வரும். ஆர்லீனோடு அப்படி வாழ்ந்தவர் இப்படியும் எழுதினார் என்பது எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

1959 டிசம்பர் 29க்கு வருவோம். பாசடேனாவில் அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டம். கீழே ஏகப்பட்ட இடம் காலியாகக் கிடக்கிறது என்ற பொருள்படும் தலைப்பில் பேசினார். என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவின் 24 தொகுதிகளையும் ஒரு குண்டூசித் தலையில் எழுத இயற்பியல் விதி எதுவும் தடையில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கலாம் என்றார். நண்பர் ஆல்பர்ட் ஹிப்ஸ் சொன்ன ஒரு யோசனையையும் எடுத்துச் சொன்னார்: சர்ஜனை விழுங்கிவிட வேண்டியது, அந்தக் குட்டி எந்திரம் ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குப் போய்ப் பழுதைச் சரிசெய்யும். ஒரு இன்ச்சில் 64இல் ஒரு பங்கு அளவு மோட்டார் செய்தால் 1000 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். அடுத்த வருஷமே வில்லியம் மெக்லெலன் என்ற எஞ்சினியர் சாதாரணக் கருவிகளை வைத்தே செய்து கொண்டுவந்துவிட்டார். புது டெக்னிக் பிறக்கும் என்று எதிர்பார்த்தவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம், பரிசைக் கொடுத்தார்.

இப்போ ஒரு உஷார். மனைவி நோயில் இறந்ததால்தான் நானோவைக் கண்டுபிடித்தார் என்று யாராவது ரீல்ஸ் போட்டால் நம்பாதீங்க. அந்தப் பேச்சில் ஆர்லீனும் இல்லை, நுரையீரலும் இல்லை. நானோடெக்னாலஜி என்ற வார்த்தையே 1974இல் ஜப்பானின் நோரியோ தனிகுச்சி வைத்தது. ஃபைன்மேன் ஒரு நானோ துகள்கூடச் செய்ததில்லை. அவர் வாழ்க்கையில் காசநோயும் நானோவும் இருந்தன, ஆனால் அவை இரண்டும் சந்தித்தது அவருக்கு வெளியே.

அதே 1959இல் நம்ம ஊரிலிருந்து ஒரு ஆய்வு முடிவு வெளிவந்தது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை ரெண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை சானடோரியத்திலும் இன்னொரு குழுவை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணம். அதற்குப் பிறகு உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது. ஆர்லீனை 160 கிலோமீட்டர் தள்ளிப் படுக்கவைத்த ஏற்பாட்டுக்கு மெட்ராஸில்தான் முடிவு கட்டினார்கள்.

ஆனால் மருந்து வந்ததோடு கதை முடியவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினை வாயில் போட்டால் குடல் அதை எடுத்துக்கொள்ளாது, ஊசிதான். ஊசியில் போட்டால் உடம்பு முழுக்கச் சுற்றும். நுரையீரலில் போதுமான அளவு சேர வேண்டுமென்றால் காதுக்கும் கிட்னிக்கும் அதிகமாகவே போகும். நிறைய பேருக்குக் காது போனது. அதைவிட மோசம், காசநோய்க் கிருமி ஒளிந்திருக்கும் இடம். கிருமிகளைப் பிடித்துத் தின்ன நுரையீரலில் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் காவல் இருக்கின்றன. இந்தக் கிருமி அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்துகள் செல்லுக்குள் சரியாக நுழையாது. மருந்து கண்டுபிடிப்பது கெமிஸ்ட்ரி. அதை அந்த அட்ரஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பது முழுக்க முழுக்க நம்ம ஏரியா.

மூச்சில் இழுத்தால் நேராகப் போய்விடுமே என்று தோன்றும். அங்கேதான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் குறுக்கே வருது. 5 மைக்ரானுக்கு மேல் பெரிய துகள், வேகத்தில் வளைவு திரும்ப முடியாமல் தொண்டையிலேயே மோதி ஒட்டிக்கொள்ளும். 1 முதல் 5 மைக்ரான் வரை இருப்பவை ஆழமான கிளைகள் வரை போய் மெதுவாகப் படியும். இன்னும் சின்னதாகப் போனால் நல்லதுதானே? இல்லை. ஸ்டோக்ஸ் விதி ஞாபகம் இருக்கா? விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் கால்வாசி. அரை மைக்ரான் பக்கம் வந்துவிட்டால் துகள் படியவே நேரம் இல்லாமல் உள்ளே போன மூச்சோடு பெரும்பாலும் வெளியே வந்துவிடும். 100 நானோமீட்டருக்குக் கீழே போனால் பிரௌனியன் அசைவில் மறுபடி படிய ஆரம்பிக்கும். அதனால் நானோ துகளைத் தனியாக அனுப்புவதில்லை. சில மைக்ரான் அளவுள்ள திரவத் துளியில், இல்லை சர்க்கரைப் பொடித் துகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். பஸ்ஸில் உள்ளே வரை போய், அங்கே இறங்கி நடக்கிற மாதிரி. மேக்ரோஃபேஜ் அதை வழக்கம்போல அன்னியப் பொருள் என்று விழுங்கும். விழுங்கினால் மருந்து கிருமி இருக்கும் அதே அறைக்குள் போய்விட்டது!

ஃபைன்மேன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1986இல் சாலஞ்சர் விபத்து விசாரணையில், ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் ரப்பர் வளையத்தை முக்கி எடுத்துக் காட்டியதுதான் அவர் கடைசியாகப் பொதுமேடையில் செய்த பெரிய வேலை. அப்போதே புற்றுநோயோடு பல வருஷம் போராடிக்கொண்டிருந்தார். 1988 பிப்ரவரி 15இல் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார், 69 வயது.

முப்பது வருஷம் கழித்து, 2018 செப்டம்பரில், மூச்சு வழி லிபோசோம் ஆமிகாசினுக்கு அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. பெயர் ஆரிகேஸ். ஆமிகாசின் ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பங்காளி, அதே குடும்பம். அதைச் சுமார் 300 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்பு உருண்டைக்குள் அடைத்திருக்கிறார்கள். அந்தக் கொழுப்பும் வெளியாள் இல்லை, நம் நுரையீரல் தானே சுரக்கும் வழவழப்பில் இருக்கும் அதே வகை. நெபுலைசரில் தினம் ஒரு தடவை இழுக்க வேண்டும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமியான மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகைத் தொற்றுக்கு, வேறு மருந்து பலிக்காதவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. 336 பேரை வைத்து நடந்த சோதனையில் வழக்கமான சிகிச்சையோடு இதையும் எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் சளியில் கிருமி இல்லாமல் போனது. இது இல்லாதவர்களில் அது 8.9 சதவீதம். பலருக்குக் குரல் கம்மிப்போனது, இருமல் வந்தது. மேஜிக் ஒன்றும் இல்லை, ஆனால் மூன்று மடங்கு வித்தியாசம்.

காசநோய்க்கு? 2023இல் மட்டும் உலகத்தில் 12.5 லட்சம் பேரைக் கொன்ற நோய் இது. உலகத்தின் நோயாளிகளில் கால்வாசிப் பேர் நம் நாட்டில். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட், பைராசினமைட் மூன்றையும் மக்கும் பாலிமர் நானோ துகளில் அடைத்து, கினிப் பன்றிகளுக்கு நெபுலைசரில் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து நாளுக்கு ஒன்று என 5 டோஸிலேயே நுரையீரலில் கிருமி தட்டுப்படவில்லை. வாய்வழி மருந்துக்கு அதே பலன் வர தினமும் ஒன்றாக 46 டோஸ் தேவைப்பட்டது. அந்த ஆய்வு வெளியானது 2003இல், நம்மில் பலர் பிறப்பதற்கு முன்னால். அரசு மருத்துவமனையில் டிபி நோயாளி இன்றும் வாங்கிப் போவது ஆறு மாத மாத்திரைக் கோர்ஸ்தான்.